கொரியத் தொடர்களின் வழியே கொரிய வரலாறு: எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எதைச் சரிபார்ப்பது

1404-ஆம் ஆண்டு. கொரிய அரசர் தேஜோங் வேட்டைக்குப் போன இடத்தில் மானைத் துரத்திக் குதிரையிலிருந்து விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'வரலாறு எழுதுகிறவனுக்கு இது தெரியக் கூடாது' என்றார். அரசர் விழுந்ததும், இப்படிச் சொன்னதும் இரண்டுமே அரச ஏட்டில் பதிவாகிவிட்டன.

கொரிய வரலாற்றுத் தொடர்களைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஏடுதான் காரணம். தொடர்கள் எல்லாம் உண்மையைச் சொல்கின்றன என்று பொருளில்லை. தாராளமாகப் புளுகுகின்றன. ஆனால் எங்கே புளுகுகின்றன என்று கண்டுபிடிக்கக் கொரியர்களிடம் எழுத்துச் சான்று இருக்கிறது. தொடரைப் பார்ப்பது பாதி வேலை. அதைச் சான்றோடு ஒப்பிட்டு, எதை ஏன் மாற்றினார்கள் என்று கேட்பது மீதிப் பாதி. கீழே உள்ள படிகள் அந்த இரண்டாம் பாதிக்காகத்தான்.

முதல் படி: ஒரு காலக்கோடு

எந்தத் தொடரையும் தொடங்கும் முன் ஒரு தாளில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என மூன்று அரசுகள். 660-இல் பெக்ஜேயும் 668-இல் கோகுர்யோவும் வீழ, சில்லா எஞ்சியது.
918 முதல் 1392 வரை கோர்யோ.
1392 முதல் 1897 வரை ஜோசன்.
1897 முதல் 1910 வரை கொரியப் பேரரசு என்ற பெயரில் அதே அரசகுலம்.
1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. பிறகு பிரிவினை, 1950–53 போர், இரண்டு கொரியாக்கள்.

இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம். வரலாற்றுத் தொடரைக் கொரியர்கள் சாகுக் என்கிறார்கள். சாகுக்குகளில் மிகப் பெரும்பாலானவை ஜோசன் காலத்துக் கதைகள். ஆகவே ஆண்டு தெரியாமல் ஒரு தொடரில் நுழைந்தால் ஜோசன் என்று வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கலாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இரண்டாம் படி: அரசர் உண்மையானவரா?

எல்லாச் சாகுக்கும் ஒரே இனம் அல்ல. 'ஜோங் தோ-ஜோன்' (2014), 'கோர்யோ–கித்தான் போர்' (2023–24) போன்றவை கே.பி.எஸ். தொலைக்காட்சி எடுத்த மரபான வரலாற்றுத் தொடர்கள். போரும் அரசவை வாதங்களும் நிறைய இருக்கும். ஆண்டும் பதவியும் எழுத்தில் வரும். இன்னொரு வகையில் காலம் உண்மை, கதை கற்பனை. மூன்றாவது வகையில் அரசரே கற்பனை. 'தி மூன் எம்ப்ரேசிங் தி சன்' (2012), 'அண்டர் தி குயின்ஸ் அம்ப்ரெல்லா' (2022) இரண்டிலும் வரும் அரசர்களை எந்த ஏட்டிலும் தேட முடியாது. அவற்றில் அரண்மனை வழக்கங்களைக் கற்கலாம். வரலாற்றைக் கற்க முடியாது.

முதல் பகுதியிலேயே அரசரின் பெயரைக் குறித்துக்கொண்டு தேடுங்கள். அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். செஜோங், யோங்ஜோ என்பவை இறந்த பிறகு சூட்டப்பட்ட கோயில் பெயர்கள். வாழ்ந்த காலத்தில் யாரும் அவரைச் செஜோங் என்று அழைத்ததில்லை. பெயர் 'ஜோ' அல்லது 'ஜோங்' என்று முடிந்தால் அவர் முறையான அரசராகக் கணக்கில் இருக்கிறார். 'குன்' என்று முடிந்தால் அரியணையிலிருந்து இறக்கப்பட்டவர்: 1506-இல் யோன்சான்குன், 1623-இல் குவாங்ஹேகுன். சித்தப்பாவால் அரியணை பறிக்கப்பட்டு 1457-இல் பதினாறு வயதில் மாண்ட சிறுவன் தான்ஜோங், அந்தப் பெயரைப் பெற்றது 1698-இல். அதுவரை அவரும் 'குன்'தான். இறந்தவருக்கு அரச மரியாதை திரும்ப 241 ஆண்டுகள் ஆயின.

மூன்றாம் படி: 1762-இலிருந்து தொடங்குங்கள்

பழைய காலத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்து மூன்று அரசுகளின் காலத்திலேயே சிக்கி, அலுத்து, விட்டுவிடுகிறவர்கள் பலர். நான் சொல்வேன்: பதினெட்டாம் நூற்றாண்டில் குதியுங்கள். அந்தக் காலத்துக்குச் சான்றுகள் அதிகம், நல்ல தொடர்களும் அதிகம். அதோடு, ஒரு குடும்பத்துக்குள் நடந்த ஒரு சம்பவம் முழு அரசியலையும் விளக்கிவிடுகிறது.

1762 கோடையில் அரசர் யோங்ஜோ தன் மகனும் பட்டத்து இளவரசருமான சாதோவை அரிசி வைக்கும் மரப்பெட்டிக்குள் இறங்கச் சொல்லி மூடினார். எட்டாம் நாள் சாதோ இறந்தார். வயது 27. அப்பாவை விட்டுவிடும்படி தாத்தாவிடம் கெஞ்சிய, பத்து வயதுகூட நிரம்பாத பேரன், 1776-இல் ஜோங்ஜோ என அறியப்படும் அரசரானார். அரியணை ஏறிய அன்றே அவையைப் பார்த்து, 'நான் சாதோவின் மகன்' என்று அறிவித்தார். சாதோவின் சாவை நியாயப்படுத்திய கட்சியினரும் அந்த அவையில்தான் நின்றிருந்தார்கள்.

இந்தக் கதையின் முடிவு ஒவ்வொரு கொரியப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே முடிவு முன்பே தெரிந்துவிடுமே என்று அஞ்சாமல் படித்துவிட்டே பாருங்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதற்காகக் கொரியர்கள் இதைப் பார்ப்பதில்லை. இந்த முறை யார் தலையில் பழியைப் போடுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். அப்பாவின் கொடுமையா, மகனின் மனநோயா, அவையில் இருந்த நோரோன் என்னும் கட்சியின் சூழ்ச்சியா? ஒவ்வொரு தொடரும் ஒரு பக்கம் சாயும். அது எந்தப் பக்கம் என்பதைக் கவனிப்பதுதான் உங்கள் முதல் பயிற்சி.

'யீ சான்' (2007–08) என்னும் நீண்ட தொடரையும் 'தி ரெட் ஸ்லீவ்' (2021–22) என்னும் சின்னத் தொடரையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே ஜோங்ஜோ, அதே பணிப்பெண் சோங். முதல் தொடர் அரசரின் கதை. இரண்டாவது, அரசரின் காதலை ஏற்கலாமா என்று யோசிக்கும் பெண்ணின் கதை. அப்படி யோசித்தது தொடர் எழுதியவரின் கற்பனை என்று தோன்றும், இல்லை. 1786-இல் அவர் இறந்தபோது ஜோங்ஜோ தானே எழுதிய கல்லறைக் குறிப்பில், தன்னை அவர் இருமுறை மறுத்ததைச் சொல்லியிருக்கிறார். அரசியாருக்குக் குழந்தை இல்லாத நிலையில் தான் அந்த இடத்துக்கு வருவது முறையல்ல என்பது அவர் சொன்ன காரணம். ஓர் அரசர் தன் கைப்பட எழுதிய இந்தச் சில வரிகள்தான் தொடரின் முதுகெலும்பு.

சான்றுக்கு எங்கே போவது? சாதோவின் மனைவி ஹேகியோங் சீமாட்டி தன் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தன் பிறந்த வீட்டின் மேல் விழுந்த பழியைத் துடைக்கவும் அவர் எழுதினார். கணவரின் நோயை அவர் விரிவாக விவரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம் இன்னும் சுவையானது. அரசச் செயலகத்தின் நாளேட்டில் இந்தச் சம்பவம் பற்றிய பகுதிகளை அழித்துவிடும்படி ஜோங்ஜோவே தாத்தாவிடம் கேட்டுக்கொண்டார். 1776-இல் அவை அழிக்கப்பட்டன. தொடர் எழுதுகிறவர்கள் புகுந்து விளையாடும் இடம் அந்த வெற்றிடம்தான்.

கொரியா போகும் வாய்ப்பு வந்தால் சுவோன் நகருக்குப் போங்கள். சியோலிலிருந்து மெட்ரோ ரயிலிலேயே போகலாம். தந்தையின் கல்லறையை ஜோங்ஜோ 1789-இல் அந்தப் பக்கம் மாற்றி, 1794–96-இல் ஹ்வாசோங் கோட்டையைக் கட்டினார். கட்டுமானத்தின் ஒவ்வொரு கருவியும் படத்தோடு ஏட்டில் பதிவானது. போரில் சேதமடைந்த கோட்டையை 1970-களில் அந்த ஏட்டைப் பார்த்தே மீட்டுக் கட்டினார்கள்.

நான்காம் படி: கண்ணையும் காதையும் பழக்குங்கள்

மூல ஒலியில் பாருங்கள். தமிழ் மொழிமாற்றம் வசதிதான். புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் ஒளிபரப்பிய கொரியத் தொடர்களால் இந்தப் பழக்கம் தொற்றிய வீடுகள் நம் ஊரில் நிறைய. ஆனால் மொழிமாற்றத்தில் மரியாதைப் படிகள் கரைந்துவிடுகின்றன. ஜோசன் அரசரை 'ஜோன்ஹா' என்பார்கள். பேரரசருக்கு உரிய விளி 'பியெஹா'. ஜோசன் சீனப் பேரரசை மேலாக ஒப்புக்கொண்ட நாடு என்பதால் தன் அரசரைப் 'பியெஹா' என்று அழைக்கவில்லை. 1897-இல் கோஜோங் தன்னைப் பேரரசராக அறிவித்த பின்தான் அந்த விளி வருகிறது. நீங்கள் பார்க்கும் தொடரில் எந்தச் சொல் காதில் விழுகிறது என்று கவனியுங்கள். காலமும் அயலுறவும் அந்த ஒரு சொல்லிலேயே தெரியும்.

உடையும் அப்படித்தான். ஜோசனின் பிற்காலத்தில் அதிகாரியின் நெஞ்சுச் சதுரத்தில் இரட்டை நாரை இருந்தால் உயர்நிலைக் குடிமை அதிகாரி, ஒற்றை நாரை என்றால் அவருக்குக் கீழே. படைத்துறைக்குப் புலி. மணமாகாத பெண்ணுக்குப் பின்னலும் நாடாவும். மணமானவருக்குக் கொண்டையும் ஊசியும். பெண்களின் தலையில் மலைபோல் ஏறிய பொய்முடிக்கு யோங்ஜோ 1756-இலும் ஜோங்ஜோ 1788-இலும் தடை போட்டார்கள். குதிரைவாலும் மூங்கிலும் கொண்டு பின்னிய ஆண்களின் கறுப்புத் தொப்பி பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தோளளவு அகன்று, 1860-களில் அரசாணையால் சுருங்கியது. எல்லாக் காலத்துக்கும் ஒரே தொப்பியை மாட்டிவிடும் தொடர் சோம்பேறித் தொடர்.

சமையலறையில் மிளகாயைத் தேடுங்கள். அது கொரியாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். நமக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததும் ஏறத்தாழ அந்த நூற்றாண்டில்தான். கோர்யோ காலக் கதையில் செக்கச்செவேலென்று கிம்ச்சி வந்தால் இயக்குநர் தூங்கிவிட்டார் என்று பொருள். சர்க்கரைவள்ளி 1763-இல் ஜப்பானின் சுஷிமா தீவிலிருந்து வந்தது.

ஐந்தாம் படி: ஏட்டைத் திறங்கள்

ஜோசன் அரசர்களின் ஏடு 'சில்லோக்' எனப்படுகிறது. 25 அரசர்கள், 472 ஆண்டுகள், 1,893 மடலங்கள். அரசர் இறந்த பின்பே தொகுப்பார்கள். மூலக் குறிப்புகளை ஓடும் நீரில் கழுவி அழிப்பார்கள். அரியணையில் இருப்பவர் படிக்கக் கூடாது. செஜோங்கே தன் தந்தையின் ஏட்டைக் கேட்டபோது அமைச்சர்கள் மறுத்துவிட்டார்கள். 1592-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது நான்கு காப்பகங்களில் மூன்று அழிந்தன. ஜோன்ஜுவில் இருந்த படியை உள்ளூர்ப் படிப்பாளிகள் மலைக்குத் தூக்கிப்போய் ஒளித்ததால் இன்று நமக்கு ஏடு இருக்கிறது. கொரிய வரலாற்று நிறுவனம் அதை முழுவதுமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கொரிய மொழியில்தான், ஆனால் உலாவியின் மொழிபெயர்ப்பே நம் தேவைக்குப் போதும்.

பயிற்சிக்குத் 'தே ஜாங் கும்' (2003–04) தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 54 பகுதிகள், உலகம் சுற்றிய வெற்றி. ஏட்டில் ஜாங்-கும் என்ற பெயரைத் தேடினால் கிடைப்பது ஜுங்ஜோங் ஆட்சிக் காலத்தின் சில சிறு குறிப்புகள். அவர் பெண் மருத்துவர், அரசியின் பேறுகாலத்தில் இருந்தார், பரிசு பெற்றார், அரசி இறந்தபோது தண்டிக்கச் சொன்னார்கள், அரசர் காப்பாற்றினார். 1544-இல் ஜுங்ஜோங் நோயுற்றிருந்தபோது, நலம் விசாரிக்க வந்த அமைச்சர்களிடம் 'என் நோய் பெண் மருத்துவருக்குத் தெரியும்' என்கிறார். ஆண் மருத்துவர்கள் நிறைந்த அரண்மனையில் ஓர் அரசர் இப்படிச் சொன்னது சாதாரணம் அல்ல. கதை கிளைத்தது இந்த விதையிலிருந்துதான்.

தொடரின் முதல் பாதி முழுக்க அவர் அரண்மனைச் சமையற்காரி. அதற்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. அதுமட்டுமல்ல, ஜோசன் அரண்மனைச் சமையலில் அடுப்படி வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. 1605-ஆம் ஆண்டு விருந்து ஒன்றின் ஓவியத்தில் அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள் ஆண்களே. இப்படி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு தொடர் பிடிக்காமல் போகும் என்று பயப்பட வேண்டாம். எனக்கு இன்னும் கூடுதலாகப் பிடித்தது.

ஆறாம் படி: இரண்டு போர்கள்

1592–98 ஜப்பானியப் படையெடுப்பும் 1636–37 மஞ்சுப் படையெடுப்பும் தெரியாமல் ஜோசன் புரியாது. முதலாவதுக்கு யீ சுன்-சின் என்ற தளபதி. 1597-இல் மியோங்ன்யாங் நீரிணையில் 13 கப்பல்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட எதிரிக் கப்பல்களைத் தடுத்தவர். 1598-இல் கடைசிப் போரில் இறந்தவர். அவருடைய போர் நாளேடு இன்றும் இருக்கிறது. அவரைப் பற்றிய தொடர்கள் அவரைத் தெய்வமாக்கிவிடும். ஈடுகட்ட, தோல்விகளைத் தயங்காமல் எழுதிய அமைச்சர் யூ சோங்-ன்யோங்கின் குறிப்புகளை வைத்து எடுத்த 'ஜிங்பிரோக்' (2015) பாருங்கள்.

இரண்டாவது போருக்கு 'மை டியரஸ்ட்' (2023). அரசர் இன்ஜோ நம்ஹான் மலைக்கோட்டையில் அடைபட்டு, பின் சம்ஜோந்தோவில் மஞ்சுப் பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை தாழ்த்தியது வரலாற்று நூல் எல்லாவற்றிலும் உண்டு. தொடர் அங்கே நிற்காமல், ஷென்யாங்குக்கு அடிமைகளாக இழுத்துச் செல்லப்பட்ட சாதாரண மக்களின் பின்னால் போகிறது. மீண்டு வந்த பெண்களை வீட்டில் சேர்க்க மறுத்தார்கள். ஓர் உயர் அதிகாரியே தன் மருமகளை விலக்க அரசரிடம் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம் ஏட்டில் இருக்கிறது. நாட்டைக் காக்கத் தெரியாதவர்கள் கற்பைப் பற்றிப் பேசியதைத் தொடர் நன்றாகவே உரைக்கும்படி காட்டுகிறது.

ஏழாம் படி: அரண்மனையை விட்டு வெளியே வாருங்கள்

'மிஸ்டர் சன்ஷைன்' (2018) நல்ல பாலம். 1871-இல் அமெரிக்கப் படை கங்ஹ்வா தீவைத் தாக்கியதில் தொடங்கி 1907 வரை வருகிறது. கதாநாயகன் அடிமைக்குப் பிறந்தவன். ஜோசனில் அடிமைமுறை 1894-இல்தான் சட்டப்படி முழுதாக ஒழிந்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். கடைசிப் பகுதிகளில் மலையடிவாரத்தில் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கும், ஜப்பானை எதிர்த்த தொண்டர் படையினரை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் படமெடுப்பார். அந்தப் படம் உண்மையில் இருக்கிறது: 1907-இல் மெக்கன்ஸி என்னும் பத்திரிகையாளர் எடுத்தது. தொடரை நிறுத்தி, படத்தைத் தேடி, அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் சிறுவனின் முகம் தொடரில் வரும் எந்த முகத்தையும்விட அதிகம் பேசும்.

ஜப்பானிய ஆட்சிக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கும் 'பச்சிங்கோ' (2022). 1923-இல் ஜப்பானின் காந்தோ நிலநடுக்கத்தின்போது கொரியர்கள் கொல்லப்பட்டதற்கு ஒரு பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறது.

1980 மே மாதம் குவாங்ஜூ நகரில் ராணுவம் மக்களைச் சுட்டது. அதைத் துணிந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது 'சாண்ட்கிளாஸ்' (1995). அது ஒளிபரப்பான நேரத்தில் தெருக்கள் காலியாக இருந்தன என்பார்கள். 1980-இல் ராணுவத்தைக் கையில் வைத்திருந்த முன்னாள் அதிபர் சுன் தூ-ஹ்வான் கைதானது 1995-இன் இறுதியில்தான். ஆகவே ஒரு தொடரைப் பார்க்கும்போது கதை நடக்கும் ஆண்டோடு தொடர் எடுக்கப்பட்ட ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே குவாங்ஜூவை 'யூத் ஆஃப் மே' (2021) ஒரு காதல் கதையாகச் சொல்ல முடிந்ததற்கு நடுவில் நடந்த வழக்குகளும் தீர்ப்புகளும் காரணம்.

பண்பாட்டைக் கற்க ஒரே ஒரு தொடர் பார்ப்பேன் என்பவர்களுக்கு 'ரிப்ளை 1988' (2015–16). சியோலின் சங்முன்-தோங் சந்து, ஐந்து குடும்பங்கள். முதல் பகுதியில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகும். வெறும் கையோடு திரும்பக் கூடாது என்று அங்கிருந்து ஒரு கிண்ணம் வரும். பிள்ளைகள் தட்டும் கையுமாகச் சந்தில் ஓடுவார்கள். கடைசியில் எல்லா வீட்டு மேசையிலும் எல்லா வீட்டுச் சமையலும் இருக்கும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட தந்தையால் கதாநாயகியின் குடும்பம் அரைநிலவறையில் குடியிருக்கிறது. நிலக்கரி வில்லை எரித்துத் தரையைச் சூடாக்கும் வீடு, அதன் நச்சுப்புகை, ஒலிம்பிக்கில் நாட்டுப் பலகை ஏந்தும் வாய்ப்பு, போராட்டத்துக்குப் போகும் அக்காவை வீட்டில் பூட்டிவைக்கும் பெற்றோர் என எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. இதன் தொடர்ச்சியாக 'ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-ஒன்' (2022) பார்த்தால் 1997 நவம்பரில் நாடு ஐ.எம்.எஃப். கடன் கேட்ட பிறகு குடும்பங்கள் சிதறியது தெரியும். அப்போது சுமார் 35 லட்சம் பேர் திருமண மோதிரம் வரை கொடுத்து 227 டன் தங்கம் திரட்டினார்கள்.

எட்டாம் படி: சண்டைகளைப் படியுங்கள்

கொரியாவில் ஒரு தொடர் வரலாற்றைத் திரித்தால் பார்வையாளர்கள் சும்மா இருப்பதில்லை. 2021 மார்ச்சில் 'ஜோசன் எக்ஸார்சிஸ்ட்' இரண்டே பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் செஜோங் ஆகப்போகும் இளவரசர் அளிக்கும் விருந்தில் சீன மூன்கேக்கும் பதப்படுத்திய கறுப்பு முட்டையும் இருந்தன. விளம்பரதாரர்கள் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். பேய்க்கதைக்கு ஏன் இந்தக் கோபம்? கிம்ச்சியும் ஹன்போக் உடையும் யாருடையவை என்று சீன, கொரிய இணையவாசிகள் அடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 'மிஸ்டர் குயின்' (2020–21) சில்லோக்கை வெறும் வதந்திச் சீட்டு என்று சொன்னதற்குக் கண்டனம் எழுந்தது. 'ஸ்னோடிராப்' (2021–22) 1987-ஆம் ஆண்டுக் கதையில் உண்மையான வடகொரிய உளவாளியைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் மாணவர்களை உளவாளி என்று பொய்ப்பழி சுமத்திச் சித்திரவதை செய்தார்கள் என்பதால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

தொடர் பற்றிய பாராட்டுக் கட்டுரைகளைவிட இந்தக் கண்டனக் கட்டுரைகளில் வரலாறு அதிகம் கிடைக்கும். தொடரின் பெயரோடு 'வரலாற்றுத் திரிபு' என்று கொரிய மொழியில் சேர்த்துத் தேடுங்கள்.

கடைசியாகப் பழங்காலம்

சில்லா, கோகுர்யோ, அவற்றின் காலத்திலேயே இருந்த சிறு அரசான காயா ஆகியவற்றின் கதைகளைக் கடைசிக்கு ஒதுக்கியது வேண்டுமென்றேதான். அங்கே சான்று மெலிந்தது. தொடர்களின் துணிச்சல் மிகுந்தது. நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. காயாவின் அரசர் கிம் சுரோவை மணக்க கி.பி. 48-இல் 'அயுத்தா' நாட்டிலிருந்து கடல் வழியாக ஓர் இளவரசி வந்ததாக 'சாம்குக் யூசா' என்ற பழைய நூல் சொல்கிறது. 2010-இல் இது தொடராகவும் வந்தது. அவர் அயோத்தியைச் சேர்ந்தவர் என்று ஒரு கூட்டமும் பாண்டிய நாட்டுப் பெண் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களும் அடித்துச் சொல்கின்றன. அந்த நூலைப் பௌத்தத் துறவி இரியோன் எழுதியது பதின்மூன்றாம் நூற்றாண்டில். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் நூலுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அயுத்தா எங்கே என்று நூல் தெளிவாகச் சொல்லவும் இல்லை. கிம்ஹே நகரில் அந்த அரசியின் பெயரால் வணங்கப்படும் கல்லறை இருக்கிறது, தங்களை அவர் வழிவந்தவர்களாகக் கருதும் கிம், ஹோ குலத்தார் ஏராளமாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை கொரியப் பண்பாட்டின் உண்மையான பகுதி. அதைக் கொண்டு நம் ஊர்ப் பெருமையை நிறுவப் புறப்படும் முன், ஜாங்-கும்முக்குச் செய்ததைப் போல மூல வரிகளை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.